எங்கேயும் ஒழுகாமல் போன கேஸ்

மீன் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, என்னைப் பற்றி நாலு நல்ல பொய் எழுதுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நுரைச்சோலை சின்ன ஊர். என்னுடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய மீன்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே உண்மையையே எழுதுகிறேன்.

முதலில் நான் ஃபிரிட்ஜ் திருத்துகிறவனாக இருந்தேன். ஒரு நாள் ஒருவர் வந்து, "ஃபிரிட்ஜுக்குக் கேஸ் அடிக்கிறவருக்கு மீன் தொட்டிக்கு அடிக்கத் தெரியாதா?" என்று கேட்டார். கேள்வி என் மானத்தைத் தொட்டுவிட்டது. "அதென்ன பெரிய வேலையா?" என்றேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று கண்டுபிடிப்பதிலேயே மிச்ச வாழ்க்கை போயிற்று. இப்போது என் முழங்கால் என்னைத் தரையில் உட்கார விடுகிறது, எழும்பத்தான் விடுவதில்லை. தொட்டிக்கு அடியில் குனிந்தவன் அங்கேயே குடியிருக்க வேண்டி வரும் என்ற பயத்தில் ஓய்வு எடுத்துக்கொண்டேன்.

வாசர் மாட்டுவது, குழாய் வெட்டுவது எல்லாம் நீங்கள் ஃபோனில் பார்த்து என்னைவிட அழகாகச் செய்வீர்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. ஃபோனில் வராத ஒரு வேலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ரிஸ்வான் என்றொரு தம்பி. ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். வீடு என் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை, பக்கத்துச் சந்துதான். கலியாணம் முடித்த புதிதில் வீட்டு முன்மண்டபத்தில் ஒரு செடித் தொட்டி போட்டுத் தரச் சொன்னான். வெறும் மீன் தொட்டி இல்லை. உள்ளே புல்லும் பாசியுமாக ஒரு குட்டித் தோட்டம். அந்தச் செடிகள் செழிக்க வேண்டுமானால் லைட் எரியும் நேரம் முழுவதும் தண்ணீருக்குள் காபனீரொட்சைட்டு வாயு போய்க்கொண்டிருக்க வேண்டும். சோடாவில் பொங்குகிறதே, அதே சாமான்தான். நம்ம ஆட்கள் அதற்கும் கேஸ் என்றுதான் சொல்வார்கள். லைட்டையும் கேஸையும் காலையில் தானாகப் போட்டு மாலையில் நிறுத்த ஒரு டைமர் வைப்போம்.

வேலை தொடங்குமுன் ரிஸ்வான் ஒரேயொரு நிபந்தனை வைத்தான். அண்ணன் முறைக்கு என்னை நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, பில்டர்ல இருந்து தண்ணி சத்தமில்லாம உள்ளுக்கு வரோணும். மேலால விழக்கூடாது."

"ஏன் தம்பி, அந்தச் சத்தம் நல்லாத்தானே இருக்கும்?"

"உங்களுக்கு நல்லாரிக்கும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டா ஒண்டுக்கு வருது."

வாடிக்கையாளர் ராஜா என்பார்கள். ராஜாவின் மூத்திரப்பையும் ராஜாதான். தண்ணீரைச் சுத்தம் செய்து திருப்பி விடும் பில்டரின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கி, கிளிப் போட்டு இறுக்கினேன். தொட்டி ஊமை போல் ஓடியது.

இன்னொரு சாமானையும் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடி மணி தொங்கும். அதற்குள் ஒரு மருந்துத் தண்ணீர். கேஸ் குறைந்தால் நீலம், அளவாக இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள். மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. இந்த மணி ஒரு சோம்பேறி. நிறம் மாற நெடுநேரம் எடுக்கும். ஆகவே இப்போது நடப்பதைச் சொல்லாது, நடந்து முடிந்ததைத்தான் சொல்லும், நம்ம ஊர்ப் பத்திரிகை போல.

அந்தத் தொட்டி நெடுநாள் பச்சையாகவே இருந்தது. புல் அடர்ந்தது. பிறகு ரிஸ்வானுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் மணி நீலமாயிற்று. புல் மஞ்சளித்தது, பாசி அழுகியது. மாதக்கணக்கில் வர வேண்டிய சிலிண்டர் கிழமைக்கணக்கில் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் கடையைப் பூட்டிவிட்டுச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நீர்கொழும்புவரை போய் நிரப்பி வர வேண்டும்.

"ஒழுகுது நானா" என்றான்.

"ஒழுக்கு என்றால் நம்ம வேலை" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

நான் எப்போதும் பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டுத்தான் போவேன். ரிஸ்வான் கடையால் வந்து சேரும் நேரம் அதுதான். ஆம்பிளை இல்லாத நேரத்தில் ஒரு வீட்டுக்குள் வேலைக்குப் போவது நம்ம பக்கத்தில் வழக்கமில்லை. யாரும் சட்டம் போட்டதில்லை, கால் தானாகவே போகாது. அவனுடைய மனைவி சுமையா அறைவாசல் திரைக்குப் பின்னால் நின்று தேத்தண்ணி நீட்டுவாள். நான் "வெச்சிட்டுப் போங்க தங்கச்சி" என்பேன். எங்களுக்குள் கதை அவ்வளவுதான்.

ஒழுக்குத் தேட இந்த உலகில் சவர்க்காரத் தண்ணீரை மிஞ்சிய கருவி இல்லை. மூட்டுகளில் பூசினால், கேஸ் வெளியேறும் இடத்தில் நுரை முட்டை விடும். பூசினேன். சிலிண்டருக்குப் பூசினேன், ரெகுலேட்டருக்குப் பூசினேன், குழாய் முழுவதும் பூசினேன். ஆர்வ மிகுதியில் சுவரிலும் என் சேட்டிலும் கொஞ்சம். ஒரு முட்டை வரவில்லை. உம்மாவின் இடுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அந்த வீட்டில் என் தொழிலை ரசித்த ஒரே ஆள் அவன்தான்.

வாசரை மாற்றினேன். குழாயை மாற்றினேன். வால்வை மாற்றினேன். கடைசியில் மாற்றாத பழைய சாமான் என்று பார்த்தால் ரிஸ்வானும் நானும்தான் மிச்சம்.

இங்கே நடந்த கூத்தைக் கவனியுங்கள். மணி நீலம் காட்டும். நாங்கள் கேஸைக் கொஞ்சம் கூட்டுவோம். மறுபடியும் நீலம் காட்டும். மறுபடியும் கூட்டுவோம். சிலிண்டர் முடியும். "பாத்தீங்களா நானா, ஒழுகுது" என்பான். "ஓம் தம்பி, நல்லா ஒழுகுது" என்பேன். திறந்து விட்டது நாங்கள், பழி குழாய்க்கு.

அந்தக் கிழமை ரிஸ்வான் பொறுமை இழந்துவிட்டான்.

"நானா, மனசுல ஒண்டும் வெக்காதீங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆக்குப் பொறகு ஆலங்குடால இருந்து மச்சான் வேனோட வாறான். அவன்ட கெஸ்ட் ஹவுஸ்ல வெக்கப் போறானாம். அதுக்குள்ள இந்த மணி பச்சை காட்டினா தொட்டி இங்க நிக்கும். இல்லாட்டி குடுத்துடுவன்."

ஆலங்குடாவில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓடும் வெள்ளைக்காரருக்கு என்னுடைய புல் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, திரைக்குப் பின்னாலிருந்து சுமையாவின் குரல் வந்தது. கேட்டுப் பழக்கமில்லாத குரல். அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

"நானா, எப்பிடியாச்சும் சரியாக்கித் தாங்க. இந்தத் தொட்டி போகக்கூடாது. போனா நான் பைத்தியமாகிடுவன்."

ரிஸ்வான் என்னைப் பார்த்தான். "கேட்டீங்களா? நான் மவுத்தாப் போனாலும் இப்பிடி அழமாட்டா."

"நீங்க மவுத்தானா சத்தம் கொறயும். தொட்டி போனா கூடும்" என்றாள் அவள்.

ஏதோ வீட்டுச் சண்டை என்று நினைத்துவிட்டேன். அந்த ஒரு வசனத்தில் முழு விடையும் இருந்தது. நானோ, ஆகா, என் தோட்டத்தின் மீது இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பிரியம் என்று புல்லரித்துப்போய் நின்றேன்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு கடைசித் தடவையாகப் போனேன். மணி கடல் போல நீலம். ரிஸ்வான் கதிரையில் சாய்ந்து கொட்டாவி விட்டான். "நாளைக்குக் கடை பூட்டு. ஆனா தூங்க ஏலா நானா. மத்த நாள்ல எல்லாம் புள்ள பகல்ல நல்லாத் தூங்குறானாம். நான் நிக்கிற வெள்ளிக்கிழமையில மட்டும் வீட்டத் தலைகீழாக்குறான்."

அந்த விடையும் என் காதைத் தொட்டுவிட்டுப் போயிற்று. நான் மணியை முறைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு இது பச்சை காட்டியே ஆக வேண்டும். கேஸை ஒரே திருப்பாகத் திருப்பிக் கூட்டி வைத்தேன். குமிழி எண்ண முடியாத வேகத்தில் போயிற்று. "இனி எவ்வளவு ஒழுகினாலும் கேஸ் போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஜும்ஆவுக்குக் குளித்து, வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட், அத்தர் எல்லாம் பூசி மாப்பிள்ளை போல் நிற்கிறேன். ஃபோன் அடித்தது. ரிஸ்வான்.

"நானா, ஓடி வாங்க! மீனெல்லாம் மேல வந்து வாயப் பிளக்குது! ஒண்டு ரெண்டு சரிஞ்சும் போச்சி!"

போய்ப் பார்த்தால் மணி எலுமிச்சை மஞ்சள். பச்சை கேட்டோம், அது பச்சையைத் தாண்டிப் போய்விட்டது. சின்ன மீன்களெல்லாம் தண்ணீரின் மேல்விளிம்பில் வரிசையாக வாயை வைத்துக்கொண்டு தொங்கின. அறைக்குள் குழந்தை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. ரிஸ்வான் வலையும் கையுமாக, மீனை அள்ளி வாளியில் போடுவதற்குத் தொட்டிக்குள் பாதி இறங்கியிருந்தான்.

தம்பிமாரே, இந்த மாதிரி நேரத்தில் கை நம்மைக் கேட்காமல் வேலை செய்யப் பார்க்கும். அதைக் கழற்று, இதைக் கழற்று, மீனைப் பிடி என்று பறக்கும். கையைப் பிடித்து நிறுத்துங்கள். எது கொல்கிறதோ அதை மட்டும் முதலில் நிறுத்த வேண்டும். சிலிண்டரைப் பூட்டினேன். "வலைய வெச்சிட்டுக் கிணத்தடிக்குப் போய் ரெண்டு வாளி தண்ணி அள்ளிட்டு வா" என்று ரிஸ்வானை அனுப்பினேன். பாதித் தேவை தண்ணீர், மற்றப் பாதி அவனை அங்கிருந்து கிளப்புவது.

அடுத்தது, உள்ளே கூடிப்போன கேஸை வெளியே ஓட்ட வேண்டும். அதற்குத் தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கிவிட வேண்டும். பில்டரின் வாயை மேலே தூக்கிவிட்டால் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து கலக்கும். கிளிப்பைப் பிடித்தேன். அசையவில்லை. இறுக்கியவன் நானே. திருகினேன், நெம்பினேன். வெள்ளைச் சேட் நனைந்தது, அத்தர் எல்லாம் மீனுக்குப் போயிற்று.

திரைக்குப் பின்னாலிருந்து சுமையா சொன்னாள். "அப்பிடி வராது நானா. மொதல்ல வலப்பக்கம் தள்ளுங்க. பொறகு ரெண்டு விரல் மேல தூக்குங்க. அப்பதான் சரியா விழும்."

வலப்பக்கம் தள்ளினேன். இரண்டு விரல் தூக்கினேன். கிளிப் வெண்ணெய் போல் வழுக்கியது. சளசளவென்று தண்ணீர் விழத் தொடங்கியது.

அறைக்குள் அழுகை நின்றது.

படிப்படியாகக் குறையவில்லை. ரேடியோவை மூடியது போல் நின்றது. ஒரு விசும்பல், ஒரு பெருமூச்சு, பிறகு தொட்டில் கயிறு கிரீச்சிடும் சத்தம் மட்டும். நான் இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க, அப்படியே நின்றேன்.

"தங்கச்சி, புள்ள..."

"தூங்கிட்டான்" என்று கிசுகிசுத்தாள். "பகல்ல இந்தச் சத்தம் இல்லாட்டிக் கண்ண மூடமாட்டான் நானா."

"எப்பயிலிருந்து?"

"புள்ள பொறந்து நாப்பது கழிச்சதிலிருந்து. இவர் கடைக்குப் போனதும் பில்டர் வாயத் தூக்கி வெப்பன். பள்ளிவாசல்ல அஸருக்கு பாங்கு செல்லக்குள்ள எறக்கிடுவன். இவருக்குத்தான் இந்தச் சத்தம் கேட்டா..." மிச்சத்தைச் சிரிப்பு விழுங்கியது.

"இத்தினை நாளா ஏன் எனக்கிட்ட செல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே நானா. குழாயோடதானே கதைச்சிக்கிட்டு நிண்டீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். சோடாப் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு குலுக்கினால் என்ன ஆகும்? பகல் முழுவதும் அதுதான் ஆகியிருக்கிறது. சிலிண்டரிலிருந்து ஒழுங்காக வந்த கேஸ் தண்ணீருக்குள் ஒழுங்காகப் போய், விழுகிற தண்ணீர் வழியாக ஒழுங்காக வானத்துக்குப் போயிருக்கிறது. நான் போகும் நேரத்தில் பில்டர் வாய் இறங்கியிருக்கும், சோம்பேறி மணி மட்டும் பகலின் கதையை நீலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமையில் ரிஸ்வான் வீட்டில், ஆகவே பில்டர் வாய் இறங்கியபடி, கேஸ் ஒரு சொட்டும் வெளியே போகாது. அன்றுபார்த்து என் கைவண்ணம் வேறு.

"அப்ப கேஸப் போக்கினது நானா?" என்று கேட்டாள். என்னைக் கூப்பிடவில்லை, 'நான்தானா' என்று கேட்டிருக்கிறாள். விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. குரல் சுருங்கிப்போயிருந்தது. "இவருக்குத் தெரிஞ்சா தொட்டிய இப்பவே ஏத்திடுவார். புள்ள தூங்காட்டி நானும் தூங்க ஏலா நானா. ராவும் பகலும் முழிச்சி முழிச்சி எனக்குத் தலை சுத்துது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் புல்லைக் காப்பாற்ற வந்தவன். அவளோ தன் மண்டையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறாள்.

ரிஸ்வான் இரண்டு வாளியோடு வந்தான். விழும் தண்ணீரைக் கேட்டதும் முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று சலாம் சொல்லிக்கொண்டன.

"நானா, அந்தச் சத்தத்த..."

"பொறு தம்பி. உனக்கு வந்தா பின்னுக்குப் போகலாம். மீனுக்கு வந்தா மவுத்து."

தண்ணீரை மாற்றினோம். சரிந்த மீனில் ஒன்று போய்விட்டது. மற்றவை மெல்ல மெல்லக் கீழே இறங்கின. அப்போதுதான் அவன் தலையைத் தூக்கிக் கேட்டான்.

"புள்ள ஏன் அழல்ல? ஒழுக்கக் கண்டுபிடிச்சீங்களா? எங்க?"

நம்ம வேலையில் வருகிற மிகக் கஷ்டமான நேரம் இதுதான். பிழை தெரிந்துவிட்டது. அதை எந்த வாயால் சொல்வது? "உங்க வீட்டு ஆள்தான்" என்று சொன்னால் நான் தப்பிவிடுவேன். திரை ஆடாமல் நின்றது.

"தொட்டியில இல்ல தம்பி" என்றேன். "தொட்டில்ல."

எனக்கு வாய் குழறிவிட்டது என்று நினைத்திருப்பான். "எங்க?"

"தொட்டில்ல. உன்ட மகன்ட தொட்டில்ல." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். "பில்டர் வாயத் தூக்கினா கேஸ் போகுமெண்டு இந்த வீட்ல ஆருக்கும் நான் செல்லித் தரல்ல. பகல்ல தொட்டியோட நிக்கிற ஆளுக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவுமில்ல. சுவருக்கெல்லாம் சோப்புப் பூசினன், வாயத் தொறந்து கேக்கல்ல. நேத்து கேஸக் கூட்டி மீனச் சாகடிச்சதும் நான்தான். ஏசுறதெண்டா என்னய ஏசு."

அவன் என்னை ஏசவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டு நின்றான்.

"அப்ப வெள்ளிக்கிழமையில இவன் கத்துறது... நான் வீட்ல நிக்கிறதாலயா?"

"ஓம்" என்றது திரை.

அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரிக்க முடியாது, குழந்தை தூங்குகிறான். மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம்.

பிறகு டைமரில் கை வைத்தேன். செடிக்குச் சூரியனும் தெரியாது, பாங்கும் கேட்காது. நாம் லைட் போடும் நேரம்தான் அதற்குப் பகல். ரிஸ்வான் கடையில் நிற்கும் நேரமெல்லாம் யாருக்காக எரிந்தது அந்த லைட்? லைட்டும் கேஸும் அஸரோடு தொடங்கி, அவன் படுக்கப் போகும் நேரத்தில் நிற்கும்படி மாற்றினேன். பகலில் கேஸ் இல்லை, தண்ணீர் எவ்வளவு விழுந்தாலும் நட்டமில்லை, பிள்ளை தூங்கட்டும். அஸருக்கு சுமையா வழக்கம்போல் பில்டர் வாயை இறக்குவாள், செடி சாப்பிடத் தொடங்கும், வீட்டுக்கு வருகிறவன் இனி இரவு வரைக்கும் தன் தோட்டத்தை வெளிச்சத்தில் பார்ப்பான். கேஸைப் பழைய அளவுக்குக் குறைத்தேன். சோப்பு தேவைப்படவில்லை.

இன்று உங்களில் தங்கச்சிமாரும் இருக்கிறீர்கள். நான் போக முடியாத நேரத்தில், நான் நிற்க முடியாத பக்கத்தில் நீங்கள் போய் நிற்கலாம். அந்த வசதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். தம்பிமாருக்கும் சொல்கிறேன்: திரைக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்கலாம், கேள்விக்கு வாசல் தேவையில்லை. பையைத் திறக்குமுன் கேளுங்கள், நாங்கள் இல்லாத நேரத்தில் இந்தத் தொட்டியோடு யார் இருக்கிறார்கள் என்று.

ஜும்ஆவுக்கு நனைந்த சேட்டோடு போனேன். தொழுகை வரிசையில் பக்கத்தில் நின்றவர் மீன் வாடைக்கும் அத்தர் வாடைக்கும் நடுவில் தவித்தார். தொழுதுவிட்டுத் திரும்பி வந்தால், மணி பச்சை. உண்மையில் அது மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகும் வழியில் பச்சையில் கொஞ்சம் இளைப்பாறிக்கொண்டிருந்தது. அதை நான் விளக்கப் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. "மச்சான்! தொட்டிய ஏத்துவமா?" என்று ஆலங்குடா மச்சான் கடலுக்குக் கேட்கும் குரலில் கத்தினான். திரைக்குப் பின்னால் சுமையாவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

ரிஸ்வான் செருப்பும் போடாமல் வாசல் கேற்றடிக்கு ஓடினான். ஒரு விரலை உதட்டில் வைத்தான்.

"சத்தம் போடாத! புள்ள தூங்குறான்."

"அப்ப தொட்டி?"

"அவன் தொட்டில்ல இருந்து எறங்கட்டும் மச்சான். பொறகு தொட்டியப் பத்திக் கதைப்பம்."

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்க ரிஸ்வானுக்கு நேரமும் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது. அவன் கேற்றடியில் ஒரு காலை மாற்றி மறு கால் வைத்தான், இன்னொரு தடவை மாற்றினான், பிறகு சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தை எழும்பிவிடாமல், கால் பெருவிரலில் ஊன்றிப் பின்பக்கம் ஓடினான்.